உள்ளிருப்பது: ஒன்று

“ஒரு தரம் சொன்னா போதாதாம்மா? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.”

வாசலில் காவல்காரர் சாமிக்கண்ணு இப்படிச் சொல்லிவிட்டு, பெரிய கதவை இழுத்துச் சாத்தி, வெளியே பூட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பி, செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத் தெருவில் நடந்து போய், அந்தச் சத்தமும் ஓய்ந்த பிறகுதான் சுடர்விழிக்கு உறைத்தது. அவள் ஒரு தரம்தான் சொல்லியிருந்தாள்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. பழைய வீடு, ரெண்டாள் உயரக் கூரை, சுண்ணாம்புச் சுவர். சொன்ன சொல் நாலு மூலையும் தொட்டுவிட்டுத்தான் வெளியே போகும். எதிரொலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு டிபன் டப்பாவைத் திறந்தாள். தயிர் சாதம், மாவடு. சாப்பிட்டாள். பயப்படாதீர்கள், இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

புதுச்சேரியில் மதியம் ஆனால் கடை, ஆபீஸ் எல்லாம் கதவை இறக்கிவிடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்துத் தூக்கம் அது. அவன் கப்பல் ஏறிப் போய்விட்டான், தூக்கத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனான். துமாஸ் வீதியில் அந்த ஆபீசும் அப்படித்தான். ஒரு மணிக்குப் பூட்டினால் நாலு மணிக்குத்தான் திறப்பு. எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்து எழுந்து வருவார்கள். சுடர்விழி மட்டும் போக மாட்டாள். முதலியார்பேட்டைக்குப் போய்த் திரும்புவதற்குள் வெயில் உயிரை எடுத்துவிடும். அதோடு, ஊரே தூங்கும் அந்த நேரத்தில்தான் இன்டர்நெட் கொஞ்சம் ஓடும். மற்ற நேரத்தில் ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும்.

அதனால் அவளை உள்ளே வைத்தே சாமிக்கண்ணு பூட்டிவிட்டுப் போவார். அதற்கு ஒரு முறை இருந்தது. பூட்டுவதற்கு முன் வாசல்படியில் நின்று, “உள்ள ஆரு?” என்று ஒரு குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர் தன் பேரைச் சொல்ல வேண்டும். ஆலையில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். யாரோ ஒருவனைப் பஞ்சுக் கிடங்கில் வைத்துத் தெரியாமல் பூட்டிவிட்டார்களாம்; மறுநாள் திறந்தபோது அவன் விரலில் நகமே இல்லையாம். அன்றிலிருந்து அவர் கேட்காமல் எந்தக் கதவையும் பூட்டியதில்லை.

“உள்ள ஆரு?”

“சுடர்விழிண்ணே.”

அவ்வளவுதான். தினமும் அவ்வளவுதான்.

அவள் பார்த்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் பிரான்சில் இருந்தார்கள். கோபிநாத் என்பவர் அதை வாடகைக்கு எடுத்து, கம்ப்யூட்டர்களைப் போட்டு, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வேண்டிய விவரங்களைத் தேடித் தொகுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மாதம் வந்தது ஒரு சோப்புக் கம்பெனி வேலை. வாசனை சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்து வைக்கும் மூலக்கூறு வேண்டும் அவர்களுக்கு. சில மூலக்கூறுகள் கூண்டு மாதிரி இருக்கும். சுற்றிலும் அணுக்கள், நடுவில் வெற்றிடம். வாசனை அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டால் மெல்ல மெல்லத்தான் வெளியே வரும்.

இதையெல்லாம் தேட இணையத்தில் ஒரு பெரிய களஞ்சியம் இருந்தது. உலகத்தில் இருக்கும் மூலக்கூறுகள், இனிமேல் யாராவது செய்தால் இருக்கப்போகும் மூலக்கூறுகள் எல்லாவற்றுக்கும் எண் போட்டு வைத்திருந்தார்கள். சின்னக் கட்டத்துக்குள் உருவத்தை வரைந்து ‘தேடு’ என்று அழுத்தினால் அதற்கு நெருங்கினதெல்லாம் வரிசையாக வரும். ஒன்றைத் தொட்டால் அதன் எடை, தண்ணீரில் கரையுமா, எப்படி மடங்கி இருந்தால் அது நிலை கொள்ளும் என்று எல்லாம் வரும். யாரும் குடுவையில் ஊற்றிப் பார்த்துச் சொன்னதல்ல. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொன்னது. பக்கத்தில் அந்த மூலக்கூறு உருண்டை உருண்டையாக, கறுப்பும் சிவப்புமாக, தானே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, கல்யாணம் ஆகி, புருஷன் துபாய்க்குப் போய், பொம்பளைப் பிள்ளை ஒன்றை வைத்துக்கொண்டு அம்மா வீட்டில் இருந்தவளுக்கு இந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. பிள்ளை பேர் அபி. நாலு வயது. சாயங்காலம் அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடி வந்து தோளில் மூக்கை வைத்து அழுத்தி ஒரு இழு இழுப்பாள். “அம்மா வாசன” என்பாள். அதற்கப்புறம்தான் மற்றப் பேச்செல்லாம். “அது இன்னாடி வாசன?” என்று சுடர்விழி ஒரு நாள் கேட்டாள். பிள்ளை ரொம்ப யோசித்துவிட்டு, “தலகாணி” என்றது. நம் வாசனை நமக்குத் தெரியாது, இல்லையா? சுடர்விழிக்கும் தெரியாது.

சாமிக்கண்ணு ‘ஒரு தரம் போதாதா’ என்று கேட்டாரே, அந்த வியாழக்கிழமை மதியம்தான் அவள் அந்தக் கூண்டைப் பார்த்தாள்.

தேடலில் கடைசியாக வந்தது. எண் இருந்தது, பேர் இல்லை. தொட்டதும் மெல்ல விரிந்தது. இதுவரை பார்த்த கூண்டுகளில் எல்லாம் மேலேயும் கீழேயும் வாய் இருக்கும்; உள்ளே போனது வெளியே வர வழி வேண்டுமே. இதில் வாய் இல்லை. வளையத்தோடு வளையம் பின்னி, சுற்றிச் சுற்றி மூடியிருந்தது. அது திரும்பும்போது ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் அகலமான சந்து. கதவை ஒருச்சாய்த்து வைத்த மாதிரி. அதன் வழியாக உள்ளே ஏதோ சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பக்கத்தில் விவரம் ஓடியது. எடை. கரைதிறன். கடைசி வரி அவள் வேறு எந்தப் பக்கத்திலும் பார்த்திராத வரி.

உள்ளிருப்பது: ஒன்று. நிலையானது.

நல்ல மூலக்கூறு என்றுதான் முதலில் நினைத்தாள். கம்பெனிக்காரன் கேட்டது இதுதான். குறித்துக்கொண்டாள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. லேசாக. ஈரத் தலையைத் துவட்டாமல் படுத்துவிட்டால் வருமே, அந்த மாதிரி ஒன்று. அதற்கு மேலே தேங்காயெண்ணெய், பவுடர், வேர்வை. யாரோ ஒரு பொம்பளையின் வாசனை. மேசை விசிறி அவள் பக்கம் வீசும்போது போய்விட்டு, அது தலையைத் திருப்பும்போது திரும்ப வந்தது. பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தாள். காலி நாற்காலிகள். ஓரத்தில் மூடியிருந்த சன்னல்களின் பச்சைப் பலகைச் சட்டங்கள் வழியே வெயில் கோடு கோடாகத் தரையில் விழுந்து கிடந்தது.

மறுநாள் காலையில் பக்கத்து நாற்காலி வினோத்குமாரிடம் சொன்னாள். அவன் தன் கம்ப்யூட்டரில் அந்த எண்ணை அடித்துப் பார்த்தான்.

“ஒண்ணும் வரல. நீ தப்பா எழுதியிருப்பக்கா.”

“என் சிஸ்டத்துல வருது பாரு.”

வந்து பார்த்தான். அப்போது அவளிடமும் வரவில்லை. ‘பொருந்துவது எதுவும் இல்லை’ என்று வந்தது.

“மதியத்துல தயிர் சாதம் சாப்புட்டு உக்காந்தா மூலக்கூறு என்ன, முனீஸ்வரனே தெரிவாரு” என்று சிரித்தான். பிறகு சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, “இந்த சீட்ல முன்னாடி நிர்மலாதேவி இருந்துச்சு தெரியுமா? அதுவும் உன்ன மாதிரிதான், மதியம் வீட்டுக்குப் போவாது. ஒரு நாள் நாலு மணிக்கு வெளிய வந்துச்சு, அப்டியே போச்சு, திரும்ப வேலைக்கே வரல. டிபன் டப்பா கூட எடுக்கல. அதோ பார், அலமாரி மேல” என்றான்.

எவர்சில்வர் டப்பா. மூடி மேலே தூசி.

“ஒடம்பு சரியில்லாம போச்சா?”

“ஒடம்புக்கு என்ன? ரெட்டியார்பாளையத்துல நல்லா இருக்குது. போன மாசம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். ‘என்ன நிர்மலா’ன்னேன். சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். நான் நிறுத்திட்டேன், அது நிறுத்தல. பஸ் கெளம்பி வளையற வரைக்கும் சிரிச்சுகிட்டே இருந்துச்சுக்கா.” கழுத்தைச் சொறிந்துகொண்டான். “அவங்கம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். முன்ன மாதிரி எதுத்துப் பேசறது இல்லயாம். தங்கமா மாறிட்டாளாம்.”

அன்று மதியமும் அவள் உள்ளேதான் இருந்தாள். ஏன் இருந்தாள் என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை வேலையை ஒப்படைக்க வேண்டும். அந்த ஒரு கூண்டு இல்லாமல் மற்றதெல்லாம் வாய் திறந்த பானைகள்தான். காலையில் காட்டாத களஞ்சியம் மதியம் காட்டும் என்று மனசில் பட்டது. காட்டவும் செய்தது. அதே எண். அதே கடைசி வரி. சந்து மட்டும் நேற்றைவிடக் குறுகியிருந்தது. உள்ளே இருந்த சாம்பல் உருவம் அந்தச் சந்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. வாசனை இன்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். எழுந்து போகவில்லை, உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அபி ஓடி வந்தாள். தோளில் மூக்கை அழுத்தினாள். இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள். முகத்தை விலக்கி அம்மாவைப் பார்த்தாள்.

“காணும்” என்றாள்.

“இன்னா காணும்?”

பிள்ளை அம்மாவின் கையை உதறிக்கொண்டது. உள்ளே போய் அம்மாவின் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டது. சுடர்விழியின் அம்மா வசந்தா சமையல்கட்டிலிருந்து, “அந்த ஏசி இல்லாத ரூம்புல கெடந்து சாவற, வேற என்ன? நாளைக்கு நாலு மணிக்கு நான் புள்ளயக் கூட்டினு வாசல்லயே வந்து நிக்கிறேன். பீச்சுக்குப் போலாம். காத்து வாங்குனா சரியாப் போயிடும்” என்றாள். குச்சி ஐஸும் உண்டு என்று பாட்டி சொன்னதும் அபி தலையணைக்குள்ளிருந்தே கையைத் தூக்கினாள்.

ராத்திரி சுடர்விழி அந்தத் தலையணையை முகர்ந்து பார்த்தாள். ஈரத் தலை, தேங்காயெண்ணெய், பவுடர், வேர்வை. ஆபீசில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாசனை.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. ஒரு மணிக்கு எல்லாரும் போனால் திங்கள் காலைதான். அவள் உள்ளே இருந்தால் மட்டும் சாமிக்கண்ணு நாலு மணிக்கு வந்து திறந்துவிட்டுப் போவார். இன்று இருக்கக்கூடாது என்று அவள் தீர்மானமாகவே வந்தாள். கூண்டும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். கோபிநாத் திட்டினால் திட்டட்டும். பையை எடுத்து மேசை மேல் தயாராக வைத்தாள். டிபன் டப்பாவை மட்டும் கழுவிக்கொண்டு போகலாம் என்று பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள். தண்ணீர் தகரத் தொட்டியில் விழும் சத்தம் பெரிதாக இருந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில், வெகு தூரத்தில், “உள்ள ஆரு?”

குழாயை மூடினாள். வாயைத் திறந்தாள்.

“சுடர்விழிண்ணே. வேல இருக்குது, பூட்டிக்கோங்க.”

முன்கூடத்திலிருந்து வந்தது. அவள் குரல்.

“நாலு மணிக்கு வந்து தொறக்கறம்மா.”

கதவு. பூட்டு. சாவி.

ஓடினாள். ஈரக்கால் மொசைக்கில் வழுக்கியது, சுவரைப் பிடித்தாள், விழாமல் கூடத்துக்கு வந்து கதவில் ரெண்டு கையாலும் அடித்தாள். “சாமியண்ணே! அண்ணே! நான் உள்ள இருக்கேன்!” உள்ளே இருப்பது அவருக்குத்தான் தெரியுமே. தெரிந்துதானே பூட்டினார். அந்தக் கதவு கப்பல் பலகையில் செய்தது, கை அடி அதற்குள்ளேயே போய்ச் செத்தது. செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. பிறகு தெருவில் ஒன்றுமில்லை. கத்திரி வெயில். காக்கை கூட இல்லை. மூடிய சன்னல்களுக்குள் ஊர் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது.

கூடத்தில் யாரும் இல்லை. மேசை மேல் பை இருந்தது. அவள் வைத்த இடத்தில் இல்லை. நாற்காலியில் மாட்டியிருந்தது, வீட்டுக்குக் கிளம்பும்போது தோளில் போடுவதற்கு வாகாக.

கம்ப்யூட்டரை அவள் அணைத்திருந்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது.

பையிலிருந்து போனை எடுத்தாள். கோபிநாத்துக்கு அடித்தாள், அணைத்து வைத்திருந்தார். வினோத்குமாருக்கு அடித்தாள், அடித்து அடித்து ஓய்ந்தது. அம்மாவுக்கு அடித்தாள். எடுத்தாள் வசந்தா.

“இன்னாடி மறுபடியும்? இப்பத்தான பேசி வெச்ச?”

“நான் பேசலம்மா.”

“ஆங்?”

“நான் பேசலம்மா! யாரு பேசுனா? இன்னா சொன்னா?”

“வெளயாடாத. புள்ளய மறக்காம கூட்டினு வா, வாசல்லயே வந்து தூக்கிக்கிறேன்னு நீதான சொன்ன? எவ்ளோ நாளாச்சு நீ இப்டி நல்லாப் பேசி. தூங்கறா, எழுந்ததும் கெளம்பறோம்.”

“அம்மா, கூட்டினு வராத. சத்தியமாச் சொல்றேன், அபியக் கூட்டினு வராத. நீ மட்டும் வா. யாரையாவது கூட்டினு வந்து கதவ ஒடை…”

“ஒண்ணும் கேக்கலடி. விட்டு விட்டுக் கேக்குது. சரி, கவுன் போட்டுத்தான் கூட்டினு வரேன்.”

போய்விட்டது. திரும்ப அடித்தாள். அடிக்க அடிக்க அந்தக் கருவி ஒரே பதிலைச் சொன்னது. எல்லைக்கு வெளியே.

அப்போது மின்சாரம் போயிற்று. விசிறி கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விட்டு நின்றது. மற்றத் திரைகள் எல்லாம் இருட்டு. அவளுடையது மட்டும் எரிந்தது. கீழே பேட்டரிப் பெட்டி கீச், கீச் என்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு கத்தலுக்கும் அடுத்த கத்தலுக்கும் நடுவில் இருந்த அமைதியில், அந்த அறையில் மூச்சு விடுவது தான் மட்டும்தானா என்று அவள் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தாள். தன் மூச்சை அடக்கினாள். கேட்டாள். இல்லை, ஒன்றும் இல்லை. தன் மூச்சை விட்டாள். கூடவே இன்னொன்றும் விட்டது.

பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

கூண்டு சுற்றிக்கொண்டிருந்தது. சந்து இன்னும் இருந்தது, ஒரு கோடு அளவு. உள்ளே ஒன்று இல்லை. ரெண்டு. ஒன்றை ஒன்று அணைத்த மாதிரி, ஒன்றின் வளைவில் ஒன்று. எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியே ஒரே அச்சு.

உள்ளிருப்பது: இரண்டு. நிலையற்றது.

வேதியியல் படித்தவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவருக்கான இடம் அது. ஒன்று போக வேண்டும்.

அப்படியானால் நான் போகிறேன் என்று அவள் சொன்னாள். வாய்விட்டே சொன்னாள். “எம்புள்ள வருது. நான்தான் போவேன்.”

சன்னல்களுக்குப் போனாள். இரும்புக் கம்பி, அதற்கு வெளியே பலகைச் சட்டம், அதற்கு மேல் எந்தக் காலத்திலோ அடித்த ஆணி. பின்கட்டுக் கதவுக்குப் போனாள். காலையில் காற்றுக்குத் திறந்து வைத்திருந்த கதவு. இப்போது நிலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மழையில் ஊறின மரம் மாதிரி. மழை பெய்து மாசக்கணக்காகிறது. தோளால் இடித்தாள். கரண்டியால் நெம்பினாள். விரலைச் சந்தில் விட்டு இழுத்தாள். பஞ்சுக் கிடங்கில் அகப்பட்டவனின் விரல்கள் ஞாபகம் வந்தன. கையை எடுத்துக்கொண்டாள்.

முன்கதவுக்கே திரும்பி வந்தாள். கதவோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். நாலு மணிக்கு இது திறக்கும். திறந்ததும் முதல் ஆளாக விழுந்து வெளியே போய்விட வேண்டும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். கண்ணை மூடக்கூடாது. இடத்தை விட்டு நகரக்கூடாது.

வெயில் கோடுகள் தரையில் மெல்ல நகர்ந்தன. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அவை ஒவ்வொன்றாக மறைந்துகொண்டு வந்தன. மேகம் என்று நினைத்தாள். மேகம் கோடு கோடாக மறைக்காது. யாரோ நடந்து வந்தால் அப்படி மறைக்கும்.

வாசனை வந்தது.

அவள் தன் தோளை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. கையை முகர்ந்தாள். மாவடு தொட்ட கை. ஒன்றுமில்லை. தலைமுடியை இழுத்து மூக்கில் வைத்தாள். தண்ணீருக்கு இருக்கும் வாசனை கூட இல்லை.

கடைசிக் கோடும் மறைந்தது.

எதிரில் யாரோ உட்கார்ந்தார்கள். துணி மடங்கும் சத்தம். அவளைப் போலவே முழங்காலைக் கட்டிக்கொண்டு. இருட்டில் முகம் தெரியவில்லை. தெரிய வேண்டியதில்லை.

இந்த இடத்தில் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது எனக்கு. அவள் கையைப் பிடிக்க யாரும் இல்லை.

செருப்புச் சத்தம்.

தேய்த்துத் தேய்த்து. வந்தது. நின்றது. சாவி.

எழுந்தாள். கதவு திறந்தது. வெளிச்சம் அடித்தது. சாமிக்கண்ணு நின்றார், வெற்றிலை வாயோடு. அவள் பாய்ந்தாள்.

பாய்ந்தாள். கால் அங்கேயே இருந்தது. திறந்த கதவு எதிரிலேயே இருந்தது, காற்று வந்தது, வெயில் வந்தது. அவளுக்கு மட்டும் அங்கே இடம் இல்லை. கதவு நிலைக்கு நடுவே ஏதோ பின்னியிருந்தது. கண்ணாடி இல்லை. சுவரும் இல்லை. கை போகவில்லை.

பக்கத்தில் உரசிக்கொண்டு ஒருத்தி போனாள். இவள் போட்டிருந்த அதே மஞ்சள் சுடிதார். தோளில் பை. ஈரக் கால்.

“இன்னாம்மா, வேர்த்துப் போச்சா?” என்றார் சாமிக்கண்ணு.

“கரண்டு இல்லண்ணே.” சிரித்தாள்.

“புள்ள தெருமுனையில வந்துட்டுது போ. கொலுசு சத்தம் கேக்குது.” கதவை இழுத்தார். பாதியில் நிறுத்தினார். கேட்காமல் பூட்டுகிறவர் இல்லையே அவர். தலையை உள்ளே நீட்டி, நேராக அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்குப் பின்னால் எங்கோ பார்த்து, குரல் கொடுத்தார்.

“உள்ள ஆரு?”

“சுடர்விழி!” என்று அலறினாள் அவள். “சுடர்விழிண்ணே! நான்தாண்ணே! சுடர்விழி!”

சாமிக்கண்ணு காதைச் சாய்த்தார். ஒரு நொடி. திரும்பிப் படியில் நின்றவளைப் பார்த்தார்.

“நான்தான் கடைசிண்ணே” என்றாள் அவள். “சுடர்விழி.”

“ஒரு தரம் சொன்னா போதாதாம்மா?”

கதவு. பூட்டு. சாவி. திங்கட்கிழமை வரைக்கும்.

சன்னலுக்கு ஓடினாள். அதற்கு மட்டும் கால் வந்தது. பலகைச் சட்டத்தின் சந்தில் கண்ணை வைத்தாள். கேட்டுக்கு வெளியே வசந்தா குடையோடு நின்றாள். அபி சிவப்புக் கவுனில், கொலுசு கலகலவென்று, ஓடி வந்தாள். ஓடி வந்தவள் ஒரு அடி தள்ளி நின்றுவிட்டாள்.

நில்லுடி. அப்படியே நில்லு. கிட்டப் போகாத.

அந்தப் பொம்பளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து தோளைக் காட்டினாள்.

அபி குனிந்தாள். மூக்கை வைத்தாள். அழுத்தினாள். இழுத்தாள். முகம் முழுக்க மலர்ந்தது.

“அம்மா வாசன!”

வசந்தா சிரித்தாள். சுடர்விழி பலகையில் முட்டினாள், கத்தினாள், சத்தம் அறையைத் தாண்டவில்லை. அவளுக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டி கடைசியாக ஒரு தரம் கத்தி ஓய்ந்தது. திரை அணைவதற்கு முன் என்ன எழுதியிருந்தது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண் தெருவில் இருந்தது.

அந்தப் பொம்பளை பிள்ளையைத் தூக்கினாள். ரெண்டு கையும் பிள்ளையைச் சுற்றிப் போயின. முதுகுக்குப் பின்னால் விரலும் விரலும் சந்தித்தன. கோத்தன. பின்னின. மேலே மேலே, வளையத்துக்குள் வளையமாக, விரல்களுக்கு இருக்க வேண்டிய நீளத்தைத் தாண்டி. சிவப்புக் கவுன் எங்கேயும் தெரியாதபடி. வெளிச்சம் நுழைய ஒரு கோடு கூட விடாமல்.

சின்னக் கால் ஒன்று மட்டும் வெளியே தொங்கியது. குஷியில் ஆடிக்கொண்டே, கடற்கரையைப் பார்த்துத் தெருவோடு போயிற்று. கொலுசு ஆடுவது தெரிந்தது. ஆடியது, ஆடியது.

சத்தமே வரவில்லை.